முதலில் ஆசிரியர் மூச்சுவிடட்டும்

கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயிலுக்கு வீரநாராயணபுரம் என்று பெயர் வழங்கிய காலத்துக் கதை ஒன்று உண்டு. ஆசிரியர் மகாபாஷ்ய பட்டர் முகம் வாடி உட்கார்ந்திருக்கிறார். அரசவையில் செல்வாக்குள்ள ஆக்கியாழ்வான் என்ற பண்டிதர், வித்வான்கள் எல்லோரும் தனக்குப் பணம் கட்ட வேண்டும் என்று ஓலை அனுப்பியிருக்கிறார். பட்டருக்குக் கட்ட வழியில்லை, மறுக்கவும் துணிவில்லை. அவர் முகத்தைப் பார்த்து, என்ன நடந்தது என்று கேட்டவன் அவரிடம் படித்த சிறுவன் யமுனைத்துறைவன். விஷயம் தெரிந்ததும் ஓலையை வாங்கிக் கிழித்துப் போட்டான். பிறகு அரசவைக்குப் போய் வாதத்தில் வென்று ஆளவந்தார் என்று பெயர் பெற்றான் என்கின்றன வைணவ குருபரம்பரை நூல்கள்.

வாதத்தில் வென்ற பகுதியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதற்கு முந்தைய கணம் பெரிதாகப் படுகிறது. ஆசிரியரின் முகம் வாடினால் பையனுக்குத் தெரிகிறது. எந்த வகுப்பறையிலும் இன்றும் இதுதான் நிலை. டீச்சர் எந்த மனநிலையில் உள்ளே வருகிறார் என்பதை, வருகைப் பதிவு எடுத்து முடிப்பதற்குள் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். சாக்பீஸைப் பிடிக்கும் விதத்திலேயே தெரிந்துவிடும். நேற்றைய ஓலை இருந்த இடத்தில் இன்று எமிஸ் என்ற கல்வித்துறை இணையதளப் பதிவேற்றம், வாட்ஸ்அப் குழுவில் வரும் அவசரச் சுற்றறிக்கை, தேர்ச்சி விழுக்காடு பற்றிய ஆய்வுக் கூட்டம். அந்த ஓலையின் சூடு ஆசிரியர் வழியாக நேராகப் பிள்ளைகள்மேல் இறங்குகிறது.

பள்ளிகளில் மனக்கவனப் பயிற்சி, அதாவது உலகம் முழுவதும் ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ என்று பேசப்படும் பயிற்சி வேண்டும் என்ற குரல் இப்போது நம் ஊர்களிலும் கேட்கிறது. வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் மட்டும் இந்தியாவில் 13,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். தமிழ்நாடு அந்தப் பட்டியலில் முன்வரிசையில் இருக்கிறது. பிள்ளைகளின் மனத்துக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும். ஆனால் அதை யாரிடம் தொடங்குவது என்பதில் நாம் தவறினால், நல்ல பயிற்சி ஒன்று இன்னொரு வீண் பீரியடாக முடிந்துவிடும். ஆசிரியரிடம் தொடங்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வருவது.

மூச்சைக் கவனிப்பது என்றால்

பயிற்சி மிக எளிமையானது. நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனிக்க வேண்டும். மனம் எங்காவது ஓடும். ஓடிவிட்டது என்று தெரிந்ததும், தன்னைத் திட்டிக்கொள்ளாமல் திரும்பி வர வேண்டும். மறுபடி ஓடும், மறுபடி வர வேண்டும். அந்தத் திரும்பி வருதல்தான் பயிற்சி. மனம் ஓடாமல் இருப்பது யாருக்கும் நடப்பதில்லை. உடல் சார்ந்த காரணமும் இருக்கிறது. மூச்சை இழுக்கும்போது இதயத்துடிப்பு சற்றுக் கூடுகிறது, வெளியே விடும்போது வேகஸ் நரம்பின் வழியாகச் சற்றுக் குறைகிறது. மெதுவாக, நீளமாக மூச்சை விடும்போது படபடப்பு தணிவதன் பின்னணி இதுதான்.

பௌத்த மரபில் இருந்த இந்தப் பயிற்சியை 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபட்-ஜின் எட்டு வார வகுப்பாக வடிவமைத்தார். மருந்தால் தீராத வலியோடும் மன அழுத்தத்தோடும் வந்த நோயாளிகளுக்காக அது தொடங்கப்பட்டது. சமயச் சடங்கு எதுவும் அதில் இல்லை. அங்கிருந்துதான் பள்ளிகளுக்குப் போனது.

காட்டுமன்னார்கோயில்காரர்களுக்கு இது அந்நியச் சரக்கு இல்லை. நாலாயிர திவ்யப் பிரபந்தத்தைத் தேடித் தொகுத்த நாதமுனிகள் இவ்வூர்க்காரர், யோகி. யோக ரகசியம் என்று அவர் ஒரு நூல் எழுதியதாகச் சொல்கிறார்கள். நூல் கிடைக்கவில்லை. அவர் தம் யோகக் கலையைக் குருகைக் காவலப்பன் என்ற சீடரிடம் ஒப்படைத்தார். கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில் குருவாலப்பர்கோயில் என்ற ஊராக அந்தச் சீடரின் பெயர் இன்றும் நிற்கிறது. நாதமுனிகளின் பேரனான ஆளவந்தார் அவரிடம் போய் யோகம் கேட்டார். அவர் ஒரு நாளைக் குறித்துக் கொடுத்து, அன்று வா, சொல்லித் தருகிறேன் என்றார். ஆளவந்தார் திருவனந்தபுரம் போன இடத்தில்தான் அந்த நாள் வந்துவிட்டது என்று நினைவுக்கு வந்தது. திரும்பி வர வழியில்லை. அந்த யோக மரபு அத்தோடு அறுந்தது என்பது வழிவழிச் செய்தி.

ஆயிரம் ஆண்டு கழித்து, நாதமுனிகளின் வழியில் வந்தவர் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட திருமலை கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989), பதினாறு வயதில் ஆழ்வார்திருநகரியில் அந்த யோக ரகசியம் தமக்கு அருளப்பட்டது என்றார். அது நம்பிக்கை சார்ந்த விஷயம். ஆனால் 1930-களில் மைசூர் அரண்மனையில் அவர் நடத்திய யோகசாலையில் சிறுவர்கள் படித்தார்கள் என்பது வரலாறு. பி.கே.எஸ். ஐயங்காரும் பட்டாபி ஜோயிஸும் அவரிடம் கற்றவர்கள். இன்று உலகம் செய்யும் யோகாவில் பெரும்பகுதி அவர் மாணவர்கள் வழியாகப் பரவியது. 1976-இல் அவர் மகன் தேசிகாச்சார் சென்னையில் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம், ஆளுக்குத் தகுந்தபடி பயிற்சியை மாற்றிக் கொடுக்க வேண்டும் என்ற தந்தையின் கொள்கையைத் தொடர்கிறது. பள்ளிக்கூடத் திட்டம் தீட்டுகிறவர்கள் இந்த ஒரு கொள்கையை எடுத்துக்கொண்டாலே போதும் என்பேன்.

இங்கிலாந்து காட்டிய முடிவு

பள்ளிகளில் இதைப் பெரிய அளவில் சோதித்தது இங்கிலாந்து. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட ‘மிரியட்’ ஆய்வில் 80-க்கும் மேற்பட்ட பள்ளிகளும், 11 முதல் 14 வயது வரையுள்ள 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களும் பங்கேற்றார்கள். ஒரு பாதிப் பள்ளிகளில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் மனக்கவன வகுப்பு எடுத்தார்கள், மறுபாதியில் வழக்கமான வாழ்க்கைத்திறன் வகுப்புகள் நடந்தன. 2022-இல் முடிவு வந்தது. மாணவர்களின் மனச்சோர்விலோ நலத்திலோ இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஏற்கெனவே மனநலச் சிக்கல் இருந்த சில பிள்ளைகளுக்கு இது ஒத்துப்போகவில்லை என்பதற்கான அறிகுறிகளும் தெரிந்தன. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பயிற்சியைத் தொடவே இல்லை.

இதைப் பார்த்துவிட்டு எல்லாம் வீண் என்று தள்ளியவர்கள் உண்டு. ஆனால் அதே ஆய்வில் இன்னொரு முடிவும் வந்தது. பயிற்சி பெற்ற ஆசிரியர்களிடம் சோர்வு குறைந்திருந்தது, பள்ளியின் பொதுச் சூழலும் கொஞ்சம் மேம்பட்டிருந்தது. அந்தப் பலனும் ஓராண்டில் பெரும்பாலும் கரைந்துபோனது என்பதையும் சொல்ல வேண்டும். ஒருமுறை பயிற்சி கொடுத்துச் சான்றிதழ் நீட்டிவிட்டுப் போனால் எதுவும் நிற்காது.

நியூயார்க் நகரத்தில் பாட்ரீஷியா ஜென்னிங்ஸ் குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வு வேறு திசையிலிருந்து வந்தது. 36 தொடக்கப் பள்ளிகள், 224 ஆசிரியர்கள். பயிற்சி ஆசிரியர்களுக்கு மட்டும், பிள்ளைகளுக்கு எதுவும் இல்லை. ஆசிரியர்களின் மன நெருக்கடி குறைந்தது. நேரம் போதவில்லையே என்ற பதைப்பு தணிந்தது. வகுப்பறைக்குள் உட்கார்ந்து கவனித்தவர்கள், அந்த ஆசிரியர்கள் பிள்ளைகளிடம் கூடுதல் பரிவோடு நடந்துகொண்டதைப் பதிவு செய்தார்கள். கண்ணை மூடச் சொல்லாமலேயே பிள்ளைகளுக்குப் பலன் போய்ச் சேர்ந்திருக்கிறது.

நம் நாட்டில் பெரிய முயற்சி டெல்லியுடையது. 2018 ஜூலை 2 அன்று தலாய் லாமா தொடங்கிவைத்த மகிழ்ச்சிப் பாடத்திட்டம், அரசுப் பள்ளிகளில் நர்சரி முதல் 8-ஆம் வகுப்பு வரை தினமும் ஒரு பாடவேளையைப் பெற்றது. சில நிமிட மனக்கவனம், பிறகு கதை அல்லது செயல்பாடு, அதைப் பற்றிய பேச்சு. தேர்வு இல்லை, மதிப்பெண் இல்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் மனமும் பாடத்திட்டத்துக்கு உரியது என்று ஓர் அரசு முடிவெடுத்ததை நான் பெரிதாக மதிக்கிறேன்.

தமிழ்நாட்டில் வேதாத்திரி மகரிஷியின் (1911–2006) மனவளக்கலை எத்தனையோ பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் போயிருக்கிறது. கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். 1958-இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கி, தியானத்தை எளிய தமிழில் எளிய மனிதர்களிடம் கொண்டுபோனார். உடற்பயிற்சியையும் தற்சோதனையையும் சேர்த்துக் கொடுத்த அவர் முறையில் ஒரு நடைமுறை அறிவு இருக்கிறது: உடம்பு முறுக்கிக்கொண்டிருக்கும்போது மனத்தை மட்டும் உட்கார்த்த முடியாது.

பசியும் பயமும்

கடலூர் மாவட்டத்தில் இதைப் பேசும்போது வடலூரைத் தாண்டிப் போக முடியாது. வள்ளலார் 1867-இல் அங்கே தருமசாலையை நிறுவி அடுப்பை மூட்டினார். தியானத்துக்கான சத்திய ஞான சபை அதற்குப் பிறகுதான் எழுந்தது. முதலில் சோறு, பிறகு சோதி. இந்த வரிசையை மாற்றக் கூடாது. காலையில் வெறும் வயிற்றோடு வரும் பிள்ளையை மூச்சைக் கவனி என்றால், அது பசியைத்தான் கவனிக்கும். 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும், 2022 செப்டம்பரில் தொடங்கி மறு ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டமும் இந்த வகையில் நம் பள்ளிகளுக்குக் கிடைத்த அடித்தளம். டவுன் பஸ் பிடித்து வரும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குக் காலைச் சாப்பாடு இன்னும் பள்ளியில் இல்லை என்பது என் மனத்தை அரிக்கிறது.

அடுத்தது பயம். ‘கையைக் கட்டு, வாயைப் பொத்து’ என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வளர்த்திருக்கிறோம். உதட்டில் விரலை வைத்து வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஒன்றாம் வகுப்பைப் பார்த்து, எவ்வளவு ஒழுக்கம் என்று மெச்சியிருக்கிறோம். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்து பல ஆண்டுகள் ஆகியும், பிரம்பு முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல முடியவில்லை. இந்தச் சூழலில் தியானம் என்ற பெயரில் இன்னொரு ‘பேசாதே’ வந்து சேர்ந்தால், பிள்ளைகள் அதையும் தண்டனையாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். வால்தனம் செய்தவனைத் தனியே உட்கார்த்தி மூச்சை எண்ணச் சொல்லும் ஆசிரியர், பயிற்சியை அந்த நிமிடமே கொன்றுவிடுகிறார்.

சாதியையும் இங்கே ஒதுக்கிவைக்க முடியாது. சாதியால் ஒடுக்கப்பட்ட நாயன்மாரான நந்தனார் பிறந்த ஆதனூர் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில்தான் இருக்கிறது. அவர் பெயரில் சுவாமி சகஜானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் பள்ளி தொடங்கினார். ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்கு முதலில் எழுத்து, பிறகு குரல் என்று உழைத்தவர் அவர், தாமே துறவியாக இருந்தும். வகுப்பில் ஒரு பிள்ளை, சாதி அடையாளமாகக் கையில் கட்டிய கயிற்றின் நிறத்தால் இன்னொரு பிள்ளையை அவமானப்படுத்தியிருந்தால், அவமானப்பட்ட பிள்ளையிடம் கோபத்தை மூச்சோடு வெளியே விடு என்று சொல்வது அநீதி. அந்தக் கோபம் நியாயமானது. அவமானத்தைத் தலைமையாசிரியர் விசாரிக்க வேண்டும். அதன் பிறகு மூச்சுக்கு இடம் உண்டு.

பக்கத்து லால்பேட்டைப் பிள்ளைகளும் இதே பள்ளிகளில் படிக்கிறார்கள். பழம்பெரும் அரபிக் கல்லூரி உள்ள ஊர் அது. ஆகவே மந்திரமோ, ஓங்காரமோ, சாமி படமோ இல்லாத பயிற்சியாக இருக்க வேண்டும். மூச்சுக்கு எந்த வீட்டிலும் தடையில்லை.

இந்த மண்ணின் காயங்கள்

2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 பெருவெள்ளம் மூன்றும் கடலூர் மாவட்டத்தைத் தாக்கின. வீராணம் ஏரியும் கொள்ளிடம் ஆறும் நிரம்பும் ஆண்டுகளில் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்துச் சிற்றூர்களைத் தண்ணீர் சூழ்கிறது. பள்ளிக்கூடம் முகாமாகிறது. பாடம் நடந்த அறையிலேயே குடும்பங்கள் படுத்து எழுகின்றன. சுனாமிக்குப் பிறகு பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழகக் கடலோரத்தில் மனநல ஆதரவுப் பணியை முன்னின்று வழிநடத்தியது. எல்லா ஊருக்கும் மருத்துவரை அனுப்ப முடியாது என்பதால், உள்ளூர் ஆட்களையும் ஆசிரியர்களையும் பழக்கினார்கள். பிள்ளைகளை வரையவிட்டு, விளையாடவிட்டு, பேசவிட்டுக் கேட்கும் முறை அது.

அதிலிருந்து மனக்கவனப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. பேரிடரையோ வன்முறையையோ பார்த்த பிள்ளைக்குக் கண்ணை மூடினால் அதே காட்சி வரலாம். அந்தப் பிள்ளையை வற்புறுத்தக் கூடாது. கண்ணைத் திறந்து தரையைப் பார்க்கலாம், நடக்கலாம், வெளியே கேட்கும் சத்தங்களை எண்ணலாம். வேண்டாம் என்றால் சும்மா உட்கார்ந்திருக்கலாம். மூச்சால் தீராத துயரம் இருக்கும் பிள்ளையை அடையாளம் கண்டு, அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவரிடமோ, 14416 என்ற டெலி-மானஸ் உதவி எண்ணுக்கோ கொண்டுசேர்ப்பது ஆசிரியரின் கடமை. அதற்கும் ஆசிரியருக்குக் கண் வேண்டும்.

தூதுவளைக் கீரை

ஆளவந்தார் கதைக்கு ஒரு பின்பகுதி உண்டு. வாதத்தில் வென்று பாதி அரசு பெற்ற அவர், ராஜபோகத்தில் மூழ்கிவிட்டார். அவரைத் திருவரங்கத்துக்கு அழைத்துவர வைணவ ஆசாரியரான மணக்கால் நம்பி முயன்றார். காவலைத் தாண்டி உள்ளே போக முடியவில்லை. சமையல்காரரிடம் தூதுவளைக் கீரை கொண்டுவந்து கொடுக்கத் தொடங்கினார். ஆறு மாதம் கொடுத்துவந்தார் என்கிறது மரபு. ஒரு கட்டத்தில் நிறுத்தினார். இலையில் கீரை இல்லாததைக் கவனித்து, ஏன் இல்லை என்று ஆளவந்தார் கேட்டார். அப்போதுதான் நம்பி உள்ளே போக முடிந்தது.

இதைவிட நல்ல பாடத்திட்டத்தை நான் பார்த்ததில்லை. உபதேசம் இல்லை, அதட்டல் இல்லை. ஒருவர் பொறுமையாகத் தினமும் எதையோ கொண்டுவருகிறார், மற்றவர் ஒருநாள் விழித்துக்கொள்கிறார். பள்ளியிலும் இது இப்படித்தான் நடக்கும். கபட்-ஜின் வகுப்பில் ஓர் உலர்திராட்சையைக் கையில் கொடுத்து, நிறம் பார்த்து, முகர்ந்து, மெதுவாகச் சுவைக்கச் சொல்வார்கள். நம் பிள்ளைகளுக்கு நாவல்பழம் இருக்கிறது, புளியங்காய் இருக்கிறது. லால்பேட்டைக் கொடிக்காலில் வேலைசெய்யும் வீட்டுப் பிள்ளை ஒரு வெற்றிலையின் நரம்பைப் பற்றி டீச்சருக்கே சொல்லித் தரும்.

வியட்நாமியத் துறவி திக் நியட் ஹான் (1926–2022) ஆசிரியர்களுக்குச் சொன்ன வழி இன்னும் எளிது. மணி அடித்தால் கையில் இருப்பதை நிறுத்தி, மூன்று மூச்சைக் கவனித்துவிட்டுத் தொடர வேண்டும். நம் பள்ளிகளில் ஒரு நாளைக்கு எத்தனையோ முறை மணி அடிக்கிறது. தனி பீரியட் தேட வேண்டியதில்லை. தனி பீரியட் கேட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். நீதி போதனை வகுப்பைக் கணக்கு சார் எடுத்துக்கொண்டதும், பி.டி. வகுப்பை அறிவியல் டீச்சர் வாங்கிக்கொண்டதும் பத்தாம் வகுப்பு படித்த எல்லோருக்கும் நினைவிருக்கும்.

இந்த மூன்று மூச்சை முதல் பருவம் முழுவதும் ஆசிரியர்கள் மட்டும் செய்யட்டும் என்கிறேன். பிள்ளைகளிடம் எதுவும் சொல்ல வேண்டாம். ஆசிரியர் அறையிலிருந்து வகுப்புக்கு நடக்கும் தூரத்தில், பாதம் தரையில் படுவதைக் கவனித்து நடக்கட்டும். ஒரு பையன்மேல் கை ஓங்கும் முன்பு ஒரு மூச்சு. விடைத்தாளில் சிவப்பு மையால் கிறுக்கும் முன்பு ஒரு மூச்சு. ஆசிரியரிடம் ஏதோ மாறியிருக்கிறது என்று பிள்ளைகளே கேட்கும் நாள் வரும். அவர்களுக்குச் சொல்லித் தர அதுதான் சரியான நேரம்.

இதற்கு வேண்டிய நிறுவனங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. காட்டுமன்னார்கோயிலிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். அங்கே யோகக் கல்விக்கென்று தனி மையம் இருக்கிறது, உளவியல் துறை இருக்கிறது, பக்கத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் வடலூரில் இருக்கிறது. இவர்கள் கூடி, இந்த வட்டாரத்து ஆசிரியர்களுக்கு எட்டு வாரப் பயிற்சி கொடுக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி கூட்ட வேண்டும். விடாமல் கூட்டாவிட்டால் பலன் கரையும் என்பதற்கு இங்கிலாந்து சாட்சி. வர விரும்பும் ஆசிரியர்களை மட்டும் அழைக்க வேண்டும், விடுமுறை நாளில் அழைக்கக் கூடாது. வேலைநாளிலேயே பணியாகக் கணக்கில் எடுக்க வேண்டும். ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளியிலிருந்து வருபவருக்கு அன்று மாற்று ஆள் அனுப்ப வேண்டும்.

அதிகாரிகளிடம் கடைசியாக ஒரு வேண்டுகோள். பயிற்சி நடந்ததா, எத்தனை பேர் கண்ணை மூடினார்கள், புகைப்படம் எங்கே என்று கேட்டு எமிஸில் இன்னொரு கட்டத்தைத் திறக்காதீர்கள். ஏற்கெனவே இருப்பதில் இரண்டு கட்டங்களைக் குறைத்து, அந்த நேரத்தை ஆசிரியரிடம் கொடுங்கள்.